நரை வந்த பிறகு எந்த நிறம்? சீலை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெறாமகளின் கலியாணத்துக்கு 28,500 ரூபா கொடுத்து ஒரு பட்டுச்சீலை எடுத்தேன். சந்தன நிறம், மெல்லிய பொன் கரை. "அன்ரி, உங்கட வயசுக்கு இதுதான் வடிவு" என்று கடையில் நின்ற பிள்ளை சொன்னா. பின்னேரம் ஆறரை மணி, கடை முழுக்க வெள்ளை லைற். எனக்கும் அது சரியாகத்தான் தெரிந்தது.

அல்பம் வந்த பிறகுதான் பார்த்தேன். முகமும் முடியும் சீலையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோய், பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பி வந்த ஆளைப் போல நிற்கிறேன். படத்தைப் பார்த்த தங்கச்சி முதலில் கேட்டதே "அண்டைக்கு உனக்குச் சுகமில்லையோ?" என்றுதான். அதே படத்தில் என் பக்கத்தில் 81 வயது அம்மா இருக்கிறா. பன்னிரண்டு வருடப் பழைய அரக்கு நிறக் கைத்தறிச் சீலை, அதே அரக்கில் சட்டை. அம்மாவின் வெள்ளைத் தலை வெள்ளியாய் மின்னுகிறது. முகம் தெளிவாகத் தெரிகிறது. என்னைவிட இருபத்து நான்கு வயது மூத்தவர் என்னைவிடச் சுகமாக இருக்கிறா.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இதோடு மினக்கெட்டேன். இன்னொரு சீலை பிழைத்தது. நாலு சட்டை திரும்பத் தைத்தேன். இப்போது பிழை குறைந்துவிட்டது. நீங்கள் அந்தக் காசையும் காலத்தையும் செலவழிக்கத் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது போனால் மங்கல் நிறம்தான் உடுத்த வேண்டும் என்று நம் ஊரில் சொல்லாமல் சொல்லி வைத்திருக்கிறார்கள். நரைத்த தலைக்கும் வயதான தோலுக்கும் பெரும்பாலும் ஆகவே ஆகாதது அந்த மங்கல் நிறம்தான். இளவயதில் கருகருவென்ற முடியும் புருவமும் முகத்துக்கு ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கும். எந்த வெளிறிய சீலையும் தாங்கும். வயதாக ஆக முடி வெளுக்கிறது, புருவம் மெலிகிறது, உதட்டு நிறம் இறங்குகிறது. முகத்துக்குள் இருந்த கறுப்பு வெள்ளை வித்தியாசம் குறைந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு வெளிறிய துணியையும் சுற்றினால் என்ன மிஞ்சும்?

சரி, படிப்படியாகப் பார்ப்போம்.

1. முடியைப் பற்றி முதலில் முடிவெடுங்கள்

டை அடிப்பதா, விடுவதா? இது முடிவாகாமல் ஒரு சீலையும் எடுக்க வேண்டாம். கறுப்பு டை அடித்த தலைக்குப் பொருந்துகிற நிறம் வேறு, உப்பும் மிளகுமாய் நரைத்த தலைக்கு வேறு, முழு வெள்ளைக்கு வேறு.

விடுவது என்று முடிவெடுத்தால் காலக் கணக்கு இது: முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர், கூடினால் ஒன்றேகால் வளரும். தோள் வரை உள்ள முடி முழுவதும் இயற்கை நிறத்துக்கு வர இரண்டு வருடம் பிடிக்கும். நான் கொஞ்சம் கட்டையாக வெட்டியதால் ஒரு வருடத்தில் முடிந்தது. இந்த இடைக்காலத்தில் விலை கூடிய சீலை எடுக்காதீர்கள். இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள். சட்டையை மட்டும் மாற்றுங்கள். அதைக் கீழே ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

டையைத் தொடர்வதென்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். கன்னங்கறுப்பு டை, ஐம்பதைத் தாண்டிய முகத்துக்குக் கடுமை கொடுக்கும். ஒரு படி இறங்கிய கபில நிறம் பலருக்கு நன்றாக அமைகிறது. அதை மாற்றினால் நிறச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

2. கண்ணைக் காட்டுங்கள்

இதை நான் கடைசியில் செய்தேன். முதலில் செய்திருக்க வேண்டும். வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளடிக்கிறது. வெளிச்சமும் குறைவாகவே உள்ளே போகிறது. அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேருவது இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதனால் முதலில் அடிபடுவது நீலம். கரு நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். மெல்லிய நீலமும் சாம்பலும் ஒன்றாகத் தெரியும். நான் கரு நீலச் சீலைக்குக் கறுப்புச் சட்டை தைத்து, ஒரு வருடம் அது பொருத்தம் என்று நம்பி உடுத்தியிருக்கிறேன்.

கற்றரக்ற் (கண்புரை) இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லாம் பழைய கடதாசிக்குள்ளால் பார்ப்பது போல் மஞ்சளும் கபிலமுமாகத் தெரியும். அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டலாம். காசில்லை, ஆனால் விடியவே போக வேண்டும். அடையாள அட்டை, ஏற்கெனவே இருக்கும் கிளினிக் கொப்பி, இப்போது போடும் கண்ணாடி, குடிக்கும் மருந்துகளின் பட்டியல், இவ்வளவையும் எடுத்துப் போங்கள். சலரோகம் இருந்தால் அந்தக் கொப்பியும் வேண்டும்.

சத்திர சிகிச்சை செய்தவர்கள் சில கிழமை பொறுங்கள். மஞ்சள் வில்லை எடுபட்டதும் வெள்ளை எல்லாம் நீலம் கலந்து தெரியும், நீலம் கண்ணைப் பறிக்கும். மூளை அதற்குப் பழகட்டும். அப்புறம் சீலை எடுக்கலாம். கண்ணுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று சொன்னால், நிறத்தைப் பார்க்க ஒரு இளம் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் நிற ஆலோசகர், பதினாறு வயதான இன்னொரு பெறாமகள்தான்.

3. காலை விறாந்தைச் சோதனை

முழு வழிகாட்டியிலும் முக்கியமானது இதுதான். ஒரு சதமும் செலவில்லை.

வேண்டியவை: தோள்வரை தெரியும் கண்ணாடி, வெள்ளைத் துவாய் ஒன்று, வெள்ளைக் கட்டில் விரிப்பு ஒன்று, கூட ஒரு ஆள், ஒரு கொப்பி.

நேரம் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை. வெயில் நேரே படாத பக்கத்து விறாந்தையில், முகம் வெளிப்பக்கம் பார்க்க இருங்கள். மப்பான நாள் என்றால் இன்னும் நல்லது. மத்தியான வெயில் வேண்டாம். நம் ஊர் வெயில் எல்லா நிறத்தையும் வெளிறடித்துவிடும், முகத்திலும் நிழல் விழுத்தும்.

இங்கே மூன்று பொறி இருக்கிறது. மூன்றிலும் நான் விழுந்தேன். முதலாவது, சிவப்புச் சீமெந்து நிலம். பழைய வீடுகளில் விறாந்தை நிலம் பளபளவென்று சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு கீழிருந்து நாடியில் அடித்து, பொருந்தாத சீலையையும் பொருந்தியதுபோல் காட்டும். அதற்குத்தான் வெள்ளை விரிப்பு, காலடியில் விரியுங்கள். இரண்டாவது, சுவர்ப் பூச்சு. பச்சையோ நீலமோ அடித்த சுவருக்குப் பக்கத்தில் இருக்காதீர்கள். மூன்றாவது, முற்றத்து மாமரம். அதன் நிழலில் வரும் வெளிச்சமே பச்சை கலந்தது.

முகத்தைக் கழுவித் துடையுங்கள். பவுடர் வேண்டாம். நாளாந்தம் வைக்கும் பொட்டும் போடும் தோடும் இருக்கட்டும். உடுத்திருக்கும் சோட்டியின் நிறம் தெரியாமல் வெள்ளைத் துவாயைக் கழுத்தோடு சுற்றுங்கள். ஒரு நிமிடம் அப்படியே உங்கள் முகத்தைப் பாருங்கள். இதுதான் அளவுகோல்.

இப்போது சீலைகளை ஒவ்வொன்றாக நாடிக்குக் கீழே, மார்பை மூடும்படி பிடியுங்கள். பிடிக்கும்போது கண்ணை மூடி, ஐந்து வரை எண்ணித் திறவுங்கள். கூட இருப்பவரும் மறுபக்கம் பார்த்திருந்து திரும்ப வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முதலில் கண்ணில் பட்டது முகமா, சீலையா? "வடிவா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அன்பான ஆட்கள் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள்: கண்ணுக்குக் கீழ், வாயைச் சுற்றி, நாடியின் விளிம்பு.

கடுகு மஞ்சள் சீலை ஒன்று எனக்கு மிகவும் விருப்பம். இருபது வருடம் பள்ளிக்கூடத்துக்கு உடுத்தியது. அதை நாடிக்குக் கீழே பிடித்ததும், கண்ணுக்குக் கீழிருந்த கருமை பச்சை ஓடி இறங்கியது. மூக்கின் இரு பக்கமும் இருந்து வாய்வரை வரும் கோடு பேனாவால் கீறியது போல் இருந்தது. அதை எடுத்துவிட்டு நாவற்பழ நிறச் சீலையைப் பிடித்தோம். அதே முகம், அதே கதிரை, அதே வெளிச்சம். கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது. கண் அங்கே போகவில்லை. நெற்றியோரத்து நரை வெள்ளையாய்த் தெளிந்தது. "பெரியம்மா, நித்திரை கொண்டு எழும்பின மாதிரி இருக்கிறீங்கள்" என்றாள் பிள்ளை. இந்த வித்தியாசம் வார்த்தையில் சொல்லி விளங்காது, ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

ஒரு தடவையில் எட்டுச் சீலைக்கு மேல் பார்க்க வேண்டாம். கண் களைத்துவிடும். மிச்சத்தை அடுத்த நாள் பாருங்கள்.

முடிவைக் கொப்பியில் எழுதுங்கள். 'நீலம்' என்று எழுதிப் பிரயோசனமில்லை, எந்த நீலம்? சீலையின் வெட்டு விளிம்பிலிருந்து நாலைந்து நூல் இழுத்து, ஒட்டு நாடாவால் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். சட்டை தைத்து மிஞ்சிய வெட்டுத்துண்டு இருந்தால் அதையும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் பொருந்துவது, ஒரு பக்கம் பொருந்தாதது. கடைக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய ஒரே ஆவணம் இந்தக் கொப்பிதான்.

போனில் படம் எடுப்பதானால் முகத்தை வழவழப்பாக்கும் அலங்காரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு எடுங்கள். படத்தின் நிறத்தை நம்பாதீர்கள். போன் தன்பாட்டில் திருத்திவிடும். ஆனால் ஒரு வேலைக்கு அது நல்லது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முகமும் சீலையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தச் சீலை உங்களைக் கரைக்கிறது. என் சந்தனப் பட்டு அப்படித்தான் தெரிந்தது.

4. எந்த நிறம் பெரும்பாலும் எடுபடும்

உங்கள் விறாந்தை சொல்வதுதான் கடைசி முடிவு. ஆனாலும் எங்கள் குடும்பத்திலும் அயலிலும் பதினைந்து பேருக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்த்ததில் கண்டதைச் சொல்கிறேன்.

மாநிறமும் அதற்கு மேல் கறுத்ததுமான தோலில், நரைத்த தலைக்கு, ஆழமான தெளிந்த நிறங்கள் கைகொடுத்தன: அரக்கு, நாவல், மயில் கழுத்து, கரும்பச்சை, குங்குமச் சிவப்பு, கத்தரிப்பூ. தோல் வெளுத்தவர்களில் சிலருக்கு அரக்கு கடுமையாக இருந்தது; அவர்களுக்கு வெங்காய நிறம், பன்னீர் ரோஸ், கடல் நீலம் நன்றாக அமைந்தன. அநேகமாக எல்லோரையும் கவிழ்த்தவை சந்தனம், சாணிப்பச்சை, கடுகு மஞ்சள், தேத்தண்ணி நிறம். இவைதான் 'அம்மாமாருக்கு' என்று கடைகளில் எடுத்துப் போடுகிறவை என்பது எனக்கு உண்மையாகவே கவலை.

கறுப்பைப் பற்றி இரண்டு சொல். முழு வெள்ளைத் தலைக்குச் சிலரிடம் மிக அழகு. ஆனால் கண்ணுக்குக் கீழே கருமை உள்ளவர்களுக்கு அதைக் கூட்டிக் காட்டும். நல்ல காரியத்துக்கு நம்மிடையே உடுத்துவதுமில்லை. அதற்குப் பதில் கரு நீலமோ கருங்கத்தரியோ எடுங்கள்.

இன்னொன்று, பட்டில் பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறமாக நெய்த சீலைகள் உண்டு. மடிப்பில் பச்சை, விரிப்பில் மெறூன் என்று மாறும். மேசையில் விரித்திருக்கும்போது தெரிவது ஒரு நிறம், தோளில் தொங்கும்போது முகத்துக்கு அடிப்பது மற்றது. கட்டாயம் தோளில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சரிகையும் அப்படித்தான். நரைக்கு வெள்ளிச் சரிகை நன்றாக ஒத்துப்போகும், ஆனால் நம் கழுத்திலும் காதிலும் பவுன். இரண்டும் கலந்த கரை என்றால் பிரச்சினை தீர்ந்தது.

பொட்டையும் மறக்க வேண்டாம். முகத்தில் குறைந்துபோன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர, அளவான ஒரு குங்குமப் பொட்டு செய்வதை எந்தப் பூச்சும் செய்யாது.

5. சீலையை விடுங்கள், சட்டையை மாற்றுங்கள்

நான் ஒன்றரை வருடம் கழித்துக் கண்டுபிடித்த விசயம் இது. சீலை ஆறு மீற்றர். அதில் முகத்துக்குப் பக்கத்தில் வருவது இடது தோளில் விழும் முந்தானை மட்டும். கழுத்தைச் சுற்றி நிற்பது சட்டை. முகத்துக்கு நிறம் அடிப்பது பெரும்பாலும் அதுதான். அதனால் பொருந்தாத நல்ல சீலை ஒன்று அலுமாரியில் கிடந்தால் அதை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். பொருந்தும் நிறத்தில் ஒரு சட்டை தைத்துப் பாருங்கள்.

என் 28,500 ரூபாச் சந்தனச் சீலையைக் காப்பாற்றியது அரக்கு நிறச் சட்டை. கழுத்து முன்பக்கம் கொஞ்சம் மேலேற்றி, கை முழங்கைவரை வைத்துத் தைத்தேன். சீலையை உடுத்தும்போது முந்தானையை ஒடுக்கி மடித்துப் பின் குத்தினால் சட்டையின் நிறம் கூடத் தெரியும். சின்ன விசயம், பெரிய வித்தியாசம்.

செலவு (நான் கொடுத்தவை, ஊருக்கு ஊர் கூடும் குறையும்):
சட்டைத்துணி ஒரு மீற்றர்: 750 ரூபா.
லைனிங் துணி: 350 ரூபா.
தையற்கூலி, லைனிங் வைத்து: 2,000 ரூபா. லைனிங் இல்லாமல் 1,200.
ஆக 3,100 ரூபாவுக்குள் முடிந்தது. இன்னொரு சீலை எடுத்திருந்தால் இதைப்போல் பத்து மடங்கு.

சீலையோடு வரும் சட்டைத்துண்டை அப்படியே தைத்துவிடாதீர்கள். அது ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் இருக்கும்; முழங்கைவரை கை வைக்க உடம்புவாகைப் பொறுத்துப் போதாமல் போகும். நிறமும் சீலையின் அதே நிறம் என்பதால் ஒன்றும் திருந்தாது. எடுத்துக் கொப்பிக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு மிச்சத்தை வையுங்கள்.

தையல் அக்காவிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: நன்றாக அளவுள்ள பழைய சட்டை, சீலை (துணியை மட்டும் கொண்டு போகாதீர்கள், நூல் நிறம் பார்க்க வேண்டும்), கழுத்து எவ்வளவு இறக்கம் என்று அங்குலத்தில் எழுதிய தாள். கொடுத்த திகதி, எடுக்கும் திகதி, கூலி மூன்றையும் துண்டில் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒருமுறை சட்டை கலியாணத்துக்கு முதல் நாள் இரவுதான் கிடைத்தது, கை இறுக்கம். திருத்த நேரமில்லை. அன்று வாய்ப்பேச்சில்தான் கொடுத்திருந்தேன்.

காலம்: தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா, தீபாவளி. இவற்றுக்கு முன் ஒரு மாதம் தையற்கடைகளில் இடமே இருக்காது. நல்லூருக்கு 25 நாளும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு வெளிநாட்டுக்காரர் லீவில் வரும் காலமும் அதுதான். ஆறு கிழமைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நல்லூர் முடிந்து தீபாவளி தொடங்குவதற்கு முன் வரும் புரட்டாதியில் எனக்கு ஒரு கிழமையில் தைத்துத் தந்தார்கள். அந்த மாதத்தில், வருடத்துக்கு வேண்டிய சட்டைகளைத் தைத்து வைத்துவிடுகிறேன்.

6. கடைக்குப் போகும்போது

காலை பத்து மணிக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியானாலும் நவீன சந்தைப் பக்கமானாலும் அந்த நேரத்தில் சனம் குறைவு. எடுத்துக் காட்டப் பொறுமை இருக்கும். அதைவிட, வெளியில் நல்ல வெளிச்சம் இருக்கும். தெரிந்த சீலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரப் பிள்ளை ஒருவர் கூட வருவார், அவ்வளவுதான். நான் கேட்ட கடைகளில் ஒன்றுதான் மறுத்தது. அங்கே நான் எடுக்கவில்லை.

ஏன் இந்த வாசல் பயணம் என்றால், இரண்டு துணி ஒரு வெளிச்சத்தில் ஒரே நிறமாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறு நிறமாகவும் தெரியும். சாயம் வேறு என்றால் அப்படித்தான். ரியூப் லைற்றுக்குக் கீழே சீலைக்கும் சட்டைத்துணிக்கும் இம்மியும் வித்தியாசம் தெரியாது. வெளியே வந்தால் ஒன்று செம்மையடிக்கும், மற்றது நீலமடிக்கும். பட்டுக்குப் பருத்திச் சட்டை தேடும்போது இது அடிக்கடி நடக்கும். ஒரே நிறத்தில் தேடி அலைவதைவிட வேறு நிறம் என்று தெளிவாகத் தெரியும்படி எடுப்பது எப்போதும் பாதுகாப்பு.

மாலை விழாவுக்கு என்றால் இன்னொரு கவனம். மண்டப மேடையில் ஊதாவும் ரோசும் கலந்த லைற் போட்டிருந்தால் கரும்பச்சை கறுப்பாகத் தெரியும். மணமக்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பவராக இருந்தால் பச்சையை அன்று விடுங்கள்.

கடையில் நீங்கள் என்ன உடுத்திப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். பூப்போட்ட பல நிறச் சட்டையோடு போனால் எதுவும் தெளிவாகத் தெரியாது. வெள்ளையோ, கொப்பியில் 'பொருந்தும்' பக்கத்தில் உள்ள சட்டையோ போட்டுப் போங்கள்.

"உங்கட வயசுக்கு" என்று தொடங்கினால் கொப்பியைத் திறந்து நூலைக் காட்டி, "இந்த நிறம் இருக்கோ, பிள்ளை?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகளில் பிழையில்லை. இதுவரை எல்லோரும் கேட்டதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். நிறம் இதுதான் என்று காட்டினால் உற்சாகமாகத் தேடித் தருகிறார்கள்.

பில் வாங்குங்கள். மாற்ற எத்தனை நாள், வெட்டு விளிம்பு அடித்தால் மாற்றுவார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதுவியுங்கள். வீட்டுக்குப் போய் அடுத்த நாள் காலை விறாந்தையில் பிடித்துப் பார்க்கும்வரை ஃபோல் தைக்கக் கொடுக்க வேண்டாம். நான் இரண்டாவதாகப் பிழைத்த சீலை இந்த அவசரத்தில்தான் போனது. கடையிலேயே ஃபோல் அடித்துத் தருகிறோம் என்றார்கள், சரி என்றேன், பிறகு மாற்ற முடியாமல் போய்விட்டது.

7. போனில் பார்த்து எடுப்பதும், வெளிநாட்டிலிருந்து வருவதும்

நேரலையில் காட்டி விற்கிற சீலைகளை நிறத்தை நம்பி எடுக்காதீர்கள். அந்த லைற்றும் உங்கள் போன் திரையும் சேர்ந்து இரண்டு முறை நிறத்தை மாற்றிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் சீலையின் நிறமும் ஓரளவு சரி.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் "அம்மாவுக்கு என்ன கலர் எடுக்க?" என்று கேட்பார்கள். "ஏதோ எடு பிள்ளை" என்று சொல்லாதீர்கள். சொன்னால் சந்தனம்தான் வரும். கொப்பியின் 'பொருந்தும்' பக்கத்தைப் பகலில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

8. வெள்ளையும் சாம்பலும்

செத்தவீட்டுக்கென்று எல்லோரிடமும் ஒரு வெள்ளைச் சீலை இருக்கும். வெள்ளையிலும் நீல வெள்ளை, பால் வெள்ளை, நெல்வெள்ளை என்று உண்டு; விறாந்தையில் பிடித்துப் பார்த்து, கரு நீலமோ கத்தரியோ மெல்லிய கரையாக உள்ளதை எடுங்கள்.

கணவரை இழந்த பெண்களைப் பற்றி இங்கே எழுதாமல் போக எனக்கு மனமில்லை. என் சின்னம்மா பத்தொன்பது வருடம் வெள்ளையும் சாம்பலும் மட்டும்தான் உடுத்தினா. சோதனைக்கு நான் இழுத்து இருத்தியபோது, "எனக்கு எதுக்கடி இது" என்றா. மயில் கழுத்து நிறத்தை நாடிக்குக் கீழே பிடித்ததும் கண்ணாடியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா, ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை அதே நிறத்தில் ஒரு சட்டைத்துணி எடுத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பினா. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் சீலையை வாங்கிக் கையில் திணிக்காதீர்கள். விறாந்தையில் இருத்தி, கண்ணாடியைக் கொடுத்து, அவரே பார்க்க விடுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

9. ஆண்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது சேட்டின் கொலர். சோதனை அதே சோதனைதான், தாடி மீசை உள்ளவர்கள் அது எந்த நிறம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான அப்பாமாரிடம் இருப்பவை தேத்தண்ணி, வெளிர் சாம்பல், வெளிர் மஞ்சள். கரு நீலம், மெறூன், கடல் பச்சை ஒன்றொன்று எடுத்துப் பாருங்கள். பத்து வருடம் இளமையாகத் தெரியும். வேட்டியோடு வெள்ளைச் சேட் போடுபவர்கள் இரண்டையும் பகலில் சேர்த்து வைத்துப் பார்த்து எடுங்கள். கடைச் சேட் நீல வெள்ளை, வேட்டி பால் வெள்ளை என்றால் வேட்டி ஊத்தையாகத் தெரியும். நல்லூருக்குள் சேட் கழற்றித்தான் போக வேண்டும் என்பதால், அங்கே பார்க்க வேண்டியது சால்வை ஒன்றுதான்.

10. தோய்ப்பதும் காயப்போடுவதும்

ஆழமான நிறம் எடுத்துவிட்டு அதைக் காப்பாற்றாவிட்டால் ஆறு மாதத்தில் அதுவே மங்கல் நிறமாகிவிடும். நம் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருப்பவை, தண்ணி கடினம். கட்டிச் சவர்க்காரம் அந்தத் தண்ணியோடு சேர்ந்து தயிர்போல் திரைந்து துணியில் ஒட்டும். கரும் நிறங்களில் வெள்ளைப் படலம் விழுவது அதனால்தான். பருத்திக்குச் சவர்க்காரத் தூளோ திரவமோ பாவியுங்கள், கொஞ்சமாக. கடைசி அலசலுக்கு மாரியில் பிடித்த மழைத்தண்ணி இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

புதுத் துணியை உப்புத் தண்ணியில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். கடைத் துணிக்கு அதனால் பிரயோசனமில்லை. முதல் மூன்று தடவை தனியாகத் தோயுங்கள், அது போதும். பட்டை வீட்டில் தோய்க்க வேண்டாம்.

வெயில் படக் காயப்போடவே கூடாது. அம்மாவின் அந்த அரக்குச் சீலை பன்னிரண்டு வருடம் நின்றது இதனால்தான். விடியத் தோய்த்து, உட்பக்கம் வெளியே வர மடித்து, கிணற்றடிப் பக்க விறாந்தைக் கொடியில் போட்டுவிட்டு, வெயில் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் எடுத்துவிடுவா.